மரம் வைக்காத தோட்டம்

1

ஊரிலிருந்து மலேயா பார்க்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் கேட்பதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். கப்பலிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்களோ என்னவோ. காப்பியைக் குடித்துவிட்டுத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். கத்திரி, வெண்டை, புடலை, பாகல், மிளகாய் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு, "இவ்ளோ இருக்குது, ஒரு மரம்கூட வெக்கலியே, ஏன்?" என்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவரும் அதையே கேட்டார். விழுப்புரம் ஜங்ஷனில் நான் பார்சல் ஆபீசில் கூலிக்கு மூட்டை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் என்னோடு வேலை பார்த்தவரின் தம்பி அவர். நல்ல மனிதர். பினாங்கில் இறங்கி, ரயில் பிடித்து, ஒரு பொட்டலம் மல்லாட்டை மிட்டாயோடு, அதாவது கடலை மிட்டாயோடு, எங்களைத் தேடி வந்திருந்தார்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு என் மனைவி தெய்வானைதான் பதில் சொல்வாள். "நாங்க போறவங்க. எங்களுக்கு இன்னாத்துக்கு மரம்?" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன பதில். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வந்தவர் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து அப்போதே கிளம்பிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும்.

2

நான் இங்கே ரயில்வேயில் சரக்குக் கொட்டகைக் கிராணி. கிராணி என்றால் இந்த ஊர்த் தமிழில் குமாஸ்தா. ரயில்வே கொடுத்த வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். முன்னால் ஒரு துண்டு நிலம், பின்னால் கொஞ்சம் பெரிய துண்டு. இந்த இரண்டு துண்டும் தெய்வானையின் ராஜ்ஜியம். நான் வேலைக்குப் போகுமுன் நத்தை பொறுக்கிக் கொடுப்பேன். அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

தெய்வானை பெருமுக்கல் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். ஒற்றைப் பயிராக எதையும் போடத் தெரியாது அவளுக்கு. போட்டால் கை கூசும் போலிருக்கிறது. திண்டிவனத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், மல்லாட்டைக் கொல்லை என்றால் மல்லாட்டை மட்டுமா இருக்கும்? சுற்றி வரப்போரம் ஆமணக்கு நிற்கும். நடு நடுவே ஒரு சால் துவரை, ஒரு சால் காராமணி. கேப்பை விதைத்தால் கூடவே மொச்சை. அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. "சேத்துப் போடறது" என்பாள் இவள். அவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

இங்கேயும் அப்படியே. கத்திரிக்குச் சுற்றிலும் துலுக்கசாமந்தி. அதன் வேர் வாசனைக்குப் பூச்சி அண்டாது என்பாள். மக்காச்சோளத்தை நட்டு, அது முழங்கால் உயரம் வந்ததும் அடியில் பயற்றங்கொட்டை ஊன்றுவாள். பயறு சோளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும், கொம்பு வெட்டுகிற வேலை மிச்சம். கீழே பூசணி படர்ந்து களை வராமல் மூடிக்கொள்ளும். புடலைப் பந்தலுக்கு அடியில் நிழல் இருக்கிறதே என்று இஞ்சியும் சேம்பும். நான்கு மூலையிலும் ஆமணக்கு. புழு வந்தால் முதலில் ஆமணக்கு இலையைத்தான் மேயும், நாம் அங்கேயே பிடித்து நசுக்கிவிடலாம் என்பது கணக்கு. மழைத் தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு போகிற சாக்கடைக் கரையில் மட்டும் எதிர்வீட்டு மலாய்க்காரி கொடுத்த எலுமிச்சம்புல். அது ஒன்றுதான் இந்த ஊரிலிருந்து அவள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்ட யோசனை.

ஒரு வீட்டுக்கு வேண்டிய காய் இந்தத் துண்டில் தாராளமாக வருகிறது. இப்படிச் செய்து பாருங்கள் என்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. உங்களிடமிருந்து வந்ததுதானே.

3

ஆனால் முதல் வருஷம் எல்லாம் அழுகிப்போயிற்று.

காரணம் பாத்தி. நம் ஊரில் பாத்தி என்றால் என்ன? சுற்றிலும் வரப்பைத் தூக்கி, நடுவில் பள்ளமாக விட்டு, ஏற்றம் இறைத்த தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாமல் நிறுத்துவது. அவளும் அதைத்தான் செய்தாள். திண்டிவனத்து வெயிலுக்குப் போடுகிற பாத்தியை, தினம் பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில் போட்டாள். கத்திரி நாற்று இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இவள் குடையைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, கையாலேயே காட்டினார், மண்ணை மேலே தூக்கு, தண்ணீரை ஓட விடு என்று. தெய்வானைக்கு ரோஷம். மழைத் தண்ணீரைத் துரத்துவதற்குப் பாத்தி கட்டுகிற ஒரு ஊரா என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேட்டுப்பாத்தி போட்டாள். இன்றைக்கும் புதிதாக மண்ணைக் கொத்தும்போது அவள் கை முதலில் வரப்பைத்தான் இழுக்கும். அப்புறம் நினைவு வந்து கலைப்பாள்.

அவரைக்காய் கதை இன்னும் மோசம். ஊரிலிருந்து கொண்டுவந்த விதையை ஆடியில் ஊன்றினாள். கொடி பந்தலை அமுக்கிக்கொண்டு போயிற்று. அப்படி ஒரு இலை, அப்படி ஒரு பசுமை. ஒரு பூ இல்லை. மார்கழிப் பனி இறங்கட்டும், பூத்துவிடும் என்று காத்திருந்தாள். இந்த ஊரில் மார்கழி உண்டு, பனி கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தைமாதம்தான் உறைத்தது. பொங்கலன்றைக்குக் கொடியை அறுத்து எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டோம். அதற்கப்புறம் அவள் அவரை விதை போடுவதில்லை. ஊரில் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு துணியில் முடிந்து வைத்துவிட்டாள்.

4

வீட்டின் முன்பக்கத்துக்கு ரயில்வேயில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் காய்கறி போடக் கூடாது. புல்லும் பூச்செடியும் மட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வீடுகளைப் பார்வையிட ஒரு துரை வருவார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம் நிறம்தான். ஆனால் நடை அதே நடை. கையில் பிரம்பு. சாக்கடையில் தண்ணீர் தேங்கினால் எழுதுவார், புதர் இருந்தால் எழுதுவார். முதல் தடவை எங்கள் வீட்டைப் பார்த்து 'காடு' என்று எழுதிவிட்டுப் போனார்.

நான் பயந்துவிட்டேன். வெட்டிவிட்டுப் புல் போடலாம் என்றேன். தெய்வானை யோசித்தாள். புல்லைத் தின்ன நமக்கென்ன நாலு கால் இருக்கிறதா என்று கேட்டாள். ஆனாலும் வேலை என்னுடையது, பெயர் என்னுடையது என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் துரை வந்தபோது வாசலிலிருந்து படி வரைக்கும் வளைவாக ஒரு பாதை. இரு பக்கமும் சிவப்புக் கரை கட்டினதுபோலச் செங்கீரை. அதற்குப் பின்னால் ஒரே உயரத்தில் துலுக்கசாமந்தி. அதற்கும் பின்னால் ஊதாப் பூவோடு கத்திரி, காய்ப்பதற்கு முந்தின பருவத்தில். இரண்டு ஓரத்திலும் வானத்தைப் பார்த்துச் சிவந்து நிற்கிற ஊசி மிளகாய். ஜன்னலுக்குக் கீழே கல்வாழை, குளியலறைத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில். சமைக்க முடியாதது அந்தக் கல்வாழையும் சாமந்தியும்தான். துரை பாதையில் நடந்தார், நின்றார், செங்கீரை இலை ஒன்றைக் கிள்ளி மோந்து பார்த்தார். இது என்ன பூச்செடி என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் மகள் சரோஜா அழகான இங்கிலீஷில், இது இந்தியாவிலிருந்து வந்த அலங்காரச் செடி என்று சொன்னாள். துரை தலையாட்டினார். வரிசையிலேயே நல்ல முன்வாசல் என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அந்தச் செங்கீரையைத்தான் கடைந்தோம். தெய்வானை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சரோஜா அப்போது சின்னப் பெண். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ஒருத்தரை ஏமாற்றிய சந்தோஷம் வீடு முழுக்க இருந்தது.

5

மரம் ஏன் வைக்கவில்லை என்பதற்கு வருகிறேன்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது திண்டிவனத்தில் விழுப்புரம் சாலைப் பக்கமாக ஒரு மனை வாங்கினோம். வாங்கின அன்றைக்கே தெய்வானை ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணில் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். என் அண்ணன், பத்திரம் பதிய வந்தவர், எல்லாரும் வெயிலில் நிற்க, இவள் இங்கே வாசல், இங்கே கிணறு, இங்கே முருங்கை என்று நடந்துகொண்டிருந்தாள். வீட்டை எங்கே கட்டப் போகிறாய் என்று அண்ணன் கேட்டதற்கு, மரம் போக மிச்ச இடத்தில் என்றாள்.

அன்றிலிருந்து இந்த மலேயா வீட்டில் நாங்கள் திண்டிவனத்து மனையில்தான் குடியிருக்கிறோம். நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் அவள் ஆரம்பிப்பாள். வாசல் ஓரம் கனகாம்பரம், அதற்குப் பின்னால் நந்தியாவட்டை. குளிக்கிற தண்ணீர் வாழைக்கு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சேம்புக்கு. சுற்றிக் கிளுவை வேலி, வேலி மேல் கோவைக்கொடி. பின்னால் ஒட்டு மா, மாமரத்து நிழலில் மஞ்சள். மேற்கே வேம்பு, சாயங்கால வெயிலை அது பார்த்துக்கொள்ளும். முருங்கை மட்டும் எங்கே என்று முடிவாகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கிளை முறிந்து ஓட்டில் விழும், கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இலை உதிர்ந்து தண்ணீரில் விழும். அந்த முருங்கை எத்தனையோ தடவை இடம் மாறிவிட்டது. நிஜமாகவே நட்டிருந்தால் எப்போதோ செத்திருக்கும்.

எதிர்வீட்டு மலாய்க்காரி, தெய்வானை தனக்குப் பிள்ளைப்பேறு பார்த்த உதவிக்காக ஒரு தென்னங்கன்று கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் ரம்புத்தான் என்கிற பழமரக் கன்று. எல்லாவற்றையும் தெய்வானை பக்குவமாக வாங்கி, பக்குவமாக வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "மரம்னு வெச்சா அதை வுட்டுட்டுப் போவ மனசு வராதுங்க. நமக்கு அந்தப் பேஜாரு வாணாம்" என்று என்னிடம் சொன்னாள். அதனால் எங்கள் தோட்டத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற செடி அநேகமாகக் கிடையாது. கறிவேப்பிலைகூடத் தொட்டியில். தூக்கிக்கொண்டு போகலாம் பாருங்கள்.

6

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் எங்களுக்குக் குடியுரிமை விண்ணப்பத் தாள்கள் வந்தன. குடியுரிமை வாங்கினவர்களுக்குத்தான் வேலை நிரந்தரம், மற்றவர்கள் வருஷா வருஷம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது என்று ஆபீசில் பேச்சு. என் வயதில் திண்டிவனத்துக்குப் போய் என்ன வேலை தேடுவது? இருந்தால் சம்பளம், போனால் மனை. எனக்குச் சலித்துவிட்டது. எல்லாரும் எழுதிப் போட்டார்கள், நானும் எழுதிப் போட்டேன்.

நேரில் கூப்பிட்டார்கள். மலாயில் கொஞ்சம் பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். எனக்குச் சரக்குக் கொட்டகை மலாய் உண்டு, மூட்டை எடு, மூட்டை வை என்கிற அளவுக்கு. அதிகாரி கண்ணியமான மனிதர், கிராமத்திலிருந்து வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பிறகு வீட்டில் என்ன நட்டிருக்கிறாய் என்றார். பேசவைத்துப் பார்க்கத்தான் கேட்டிருப்பார். நான் உற்சாகமாகக் காய்கறிகளை வரிசையாகச் சொன்னேன். மலாயில் எனக்குச் சரளமாக வருவது அது ஒன்றுதான். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "போக்கோக்?" என்றார். மரம்?

இல்லை என்றேன். இத்தனை வருஷமாக ஒன்றுகூடவா என்றார். ஒன்றுகூட இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். இருக்கப் போகிறவன் பிள்ளைகள் தின்ன ஏதாவது வைப்பானே என்று, என்னிடம் இல்லை, மேசையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

சமாளித்து எழுந்தேன். விடைபெற வேண்டும். நம்மவர் யாராவது ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது வெறுமனே 'போகிறேன்' என்று சொல்வோமா? வாய் வராது. 'போயிட்டு வர்றேன்' என்பதுதான் பழக்கம். அந்தப் பதற்றத்தில் அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மலாயில் மாற்றிச் சொல்லிவிட்டேன். சாயா என்றால் நான். பெர்கி என்றால் போவது. பாலிக் என்றால் திரும்புவது. "சாயா பெர்கி, பாலிக்" என்று கும்பிட்டேன்.

இந்த ஊரில் பாலிக் என்று சொன்னால், சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன பயன், நாக்கு முந்திக்கொண்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்து, எங்கே பாலிக், இந்தியாவுக்கா என்று கேட்டார். இல்லை இல்லை, மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். திரும்பி வருவேன் என்றுதான் அர்த்தம் என்றேன். அப்படியானால் போகிறாயா என்றார். விளக்க விளக்கச் சேற்றில் கால் புதைந்த மாதிரி ஆயிற்று. கடைசியில் அவரே கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த தடவை மனைவியையும் அழைத்து வா, அவரையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றார்.

7

வீட்டில் வந்து சொன்னேன். சரோஜாவின் முகம் செத்துப்போயிற்று.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இங்கே பிறந்தவள். சின்னதில் என்னை 'நைனா' என்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், நைனாவா, அது என்ன வார்த்தை என்று சிரித்தாராம். அன்றிலிருந்து வெளியில் 'அப்பா', வீட்டில் 'நைனா'. கொஞ்ச நாளில் வீட்டிலும் அப்பா. மல்லாட்டை கடலையாயிற்று. "இன்னா" போய் "என்ன" வந்தது. அம்மாவோடு பேசும்போது தமிழில் ஆரம்பித்து நடுவில் இங்கிலீஷுக்குத் தாவி, மலாயில் முடிப்பாள். தெய்வானை முதலிலும் கடைசியிலும் தனக்குப் புரிந்ததைச் சேர்த்துப் பதில் சொல்வாள். இப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது.

ஆனால் படிப்பில் கெட்டி. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிற தவணையில் சேர வேண்டும். நாங்கள் இங்கே இருந்தால் அவள் டீச்சர். நாங்கள் ஊர் திரும்பினால் அவளும் வர வேண்டும், கல்யாணமாகாத பெண்ணை யார் இங்கே விட்டுவிட்டுப் போவார்கள்? அங்கே விழுப்புரத்தில் தெய்வானையின் அண்ணன் மகன் இருக்கிறான். அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறான், நல்ல பையன். அவனுக்குத்தான் சரோஜா என்று தொட்டிலிலேயே பேசி வைத்தாயிற்று. சரோஜா அவனை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவன் பேசினது பாதி புரியவில்லை என்றாள்.

தெய்வானையிடம் நான் கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை. வந்து உட்கார், கேட்டதற்குப் பதில் சொல் என்றேன். அவள் மிளகாய் நாற்றுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"வர்றேன். ஆனா எங்கிட்ட கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன். அங்க போய்க்கினு நான் பொய் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன். சரோஜா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

8

அன்றைக்கு ஆபீசில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. காய்ச்சலாம். இன்னொரு நாள் வருகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இன்னொரு நாள் லீவு எடுக்க என்னால் ஆகாது. சரோஜாதான், நான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தாள். நான் கணவன், நான் பேசக் கூடாது, பெண் பேசலாம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். என்னைப் பின்னால் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்.

தெய்வானை நல்ல புடவை கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பெயர், ஊர், வயது எல்லாம் ஆயிற்று. அதிகாரிக்கு என் தோட்டம் நினைவிருந்தது. காய்கறியெல்லாம் இவர் நட்டதா என்று கேட்டார். சரோஜா அதைத் தமிழில் சொன்னதும் தெய்வானைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த நாட்டின் சர்க்கார் அவளை ஒரு கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை, அதுவும் அவளுக்குத் தெரிந்ததாகக் கேட்கிறது. சோளத்துக்கு அடியில் ஏன் பயறு, கத்திரிக்கு ஏன் சாமந்தி, மூலையில் ஏன் ஆமணக்கு, சாக்கடைக் கரையில் ஏன் எலுமிச்சம்புல் என்று சொல்ல ஆரம்பித்தாள். சரோஜா மாற்றி மாற்றிச் சொன்னாள். அதிகாரி தன் அம்மாவும் வேலி ஓரம் எலுமிச்சம்புல் வைப்பாள் என்றார். அதையும் சரோஜா சொன்னாள். தெய்வானை சிரித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாம் இப்படியே முடிந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கேட்டார், மரம் ஏன் வைக்கவில்லை?

சரோஜா ஒரு நிமிஷம் தாமதித்துத்தான் அதைத் தமிழில் சொன்னாள். தெய்வானை தயங்கவே இல்லை. மகள் முகத்தைப் பார்க்காமல் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"மரமெல்லாம் திண்டிவனத்துல வெப்பேன்னு சொல்லு."

சரோஜா மேசை மேல் வைத்திருந்த தன் கையையே பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், தெளிவான மலாயில் சொன்னாள். "எமாக் காத்தா, டியா அக்கான் தானாம் போக்கோக்." அம்மா சொல்கிறாள், அவள் மரம் வைப்பாள்.

அவ்வளவுதான். பொய் என்று சொல்ல முடியாது. அம்மா சொன்னதில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டாள்.

அதிகாரி நன்றாகச் சிரித்தார். நல்லது, நல்லது, சீக்கிரம் வைக்கச் சொல் என்றார். எழுதினார். முத்திரை வைக்கிற சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. எனக்கு மலாய் தெரியும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்னால் உட்கார்ந்திருந்தது என் மனைவி. பக்கத்தில் நின்றது என் மகள். நான் எழுந்திருக்கவில்லை. தெய்வானை காட்டின இடத்தில் கட்டை விரலை உருட்டினாள். மை துடைக்கத் துணி கொடுத்தார்கள், வாங்கி ஒவ்வொரு ரேகையாகத் துடைத்தாள்.

வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் தாழ்வாரத்தில் மூன்று பேரும் நின்றோம். சரோஜா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். சந்தோஷமா, பயமா, என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா என்று கூப்பிடவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தெய்வானைக்கு மலாய் வராது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வராதுதான். ஆனால் அதற்கு மலாய் தெரிய வேண்டியதே இல்லை. மகளைக் கேட்காமல், கோபமும் இல்லாமல் என்னைக் கேட்டாள்:

"ஏங்க, மலாயில திண்டிவனத்துக்கு வேற பேரு இருக்குதா?"

இல்லை என்றேன்.